பச்சை மீன் என்று பயந்தேன்!

ஜப்பானில் பிள்ளைகள் வேலை பார்க்கும் அம்மாக்கள் இந்தப் பகுதியை நிறையப் பேர் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஊருக்குப் போன் போட்டால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "அங்கே பச்சை மீனைத்தானே தின்பாங்க, நீ என்னடி பண்றே?" நானும் அப்படி நினைத்துக்கொண்டு வந்தவள்தான். அந்த நினைப்பில் நான் செய்த ஒரு தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டோக்கியோவில் நிஷி காசாய் என்ற இடத்தில் இருக்கிறோம். நம் நாட்டுக் குடும்பங்கள் நிறைய உள்ள பகுதி. 2023 மார்ச் 3-ம் தேதி பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா ஒரு பெரிய தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அன்று பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருநாள். நம்ம கொலு மாதிரி படிகட்டி பொம்மை வைப்பார்கள். என் மகளுக்காகச் செய்த சிராஷி சுஷி என்றார். சுஷி என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்கு வயிற்றைப் பிரட்டியது. குனிந்து கும்பிட்டு வாங்கி, கதவைச் சாத்தி, அப்படியே கவரில் கட்டிக் குப்பையில் போட்டேன். மறுநாள் தட்டைக் கழுவி, நாலு மைசூர்பாகு வைத்துக் கொடுத்து, "ரொம்ப ருசியாக இருந்தது" என்றும் சொன்னேன்.

இரண்டு நாளில் குட்டு உடைந்தது. லிஃப்டில் என் ஐந்து வயது மகள், பள்ளியில் கற்ற ஜப்பானிய மொழியில், "அம்மா தூக்கிப் போட்டுட்டாங்க" என்று பாட்டியம்மாவிடமே சொல்லிவிட்டாள். எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. அவர் முகம் சுளிக்கவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. அடுத்த சனிக்கிழமை கதவைத் தட்டி, "நேரமிருந்தால் வாருங்கள், சேர்ந்து செய்யலாம்" என்றார்.

போய்ப் பார்த்தால் அந்தத் தட்டில் பச்சை மீனே கிடையாதாம்! வேகவைத்த இறால், மெல்லிசாக நறுக்கிய முட்டை அடை, தாமரைக் கிழங்கு, கேரட், காளான். பாவி, நான் கொட்டியது அதைத்தான்.

சுஷி என்றால் பச்சை மீன் என்பது நாம் கட்டிய கதை. அந்தச் சொல்லின் பழைய பொருளே புளிப்பு என்பதுதான். முன்காலத்தில் மீன் கெடாமலிருக்க உப்பும் சோறும் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்க வைத்திருக்கிறார்கள். பிவா ஏரிப் பக்கம் இன்றும் அப்படிச் செய்கிறார்கள். பிறகு அவ்வளவு நாள் காத்திருக்காமல் சோற்றிலேயே வினிகர் கலந்தார்கள். புளிப்புச் சோறு இருந்தால் அது சுஷி. மேலே என்ன வைப்பது என்பது அவரவர் வசதி.

சோறு செய்வதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சுடச்சுட அகலமான மரத் தொட்டியில் கொட்டி, வினிகர் கலவையை ஊற்றி, குழையாமல் அகப்பையால் வெட்டி வெட்டிக் கிளறி, பக்கத்தில் ஒருவர் விசிறியால் வீசுகிறார். நாம் தாம்பாளத்தில் சோற்றைப் பரப்பி ஆறவைத்துப் புளியோதரை கலப்பதில்லையா? அதேதான். அரிசி மட்டும் அந்த ஊர்க் குட்டை அரிசியாக இருக்க வேண்டும். பொன்னியும் பாஸ்மதியும் ஒட்டாது. குக்கரோடு வரும் 180 மில்லி கப்பில் இரண்டு கப் அரிசிக்கு, 4 மேசைக்கரண்டி அரிசி வினிகர், 2 மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு டீஸ்பூன் உப்பு. தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

மரத் தொட்டி வாங்கவே வேண்டாம், இட்லி மாவு கரைக்கும் அகலப் பாத்திரம் போதும். சுருட்டுகிற மூங்கில் பாய் 100 யென் கடையில் வரியோடு 110 யென். விசிறியைக் கோடைக்காலத்தில் தெருவில் விளம்பரத்துக்கு இலவசமாகவே கொடுக்கிறார்கள்!

இனி செலவைச் சொல்கிறேன். ஒரு சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அதுதானே முக்கியம். 2025-ல் இங்கே அரிசி விலை ஒரே வருஷத்தில் இரட்டிப்பாகி, 5 கிலோ 4,000 யென்னைத் தாண்டியது. அந்த ஜூன் மாதம் மகளின் பிறந்தநாள். தோழிகள் ஆறு பேரைக் கூப்பிட்டிருந்தாள். "கடையில சொல்லிடலாம், எதுக்கு அவஸ்தை?" என்றார் என் கணவர். விசாரித்தால் 9,000 யென் ஆகும் போலிருந்தது. வேண்டாம் என்று நானே இறங்கினேன். ஐந்து கப் அரிசி, பத்துத் தாள் நோரி, முட்டை, வெள்ளரிக்காய், டின் மீனும் மயோனைஸும் பிசைந்தது, ஒரு அவகாடோ, நண்டுக் குச்சி எல்லாம் சேர்ந்து 2,200 யென்னுக்குள் முடிந்தது. நோரியை நாலாக வெட்டித் தட்டில் அடுக்கிவிட்டேன். பிள்ளைகள் ஆளுக்கொன்றாகக் கையில் வைத்து, சோறு பரப்பி, பிடித்ததை வைத்துத் தாங்களே சுருட்டிச் சாப்பிட்டார்கள். எனக்குப் பரிமாறும் வேலைகூட இல்லை. இதைத் தெமாகி என்கிறார்கள். அந்த ஊர் அம்மாக்கள் விருந்தாளி வந்தால் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். கையால் பிடித்து மேலே மீன் வைப்பதெல்லாம் வருஷக்கணக்கில் பழகிய கடைக்காரர்கள் வேலை. அதை வீட்டில் முயற்சி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

நோரி என்பது கடல்பாசித் தாள். பாட்டியம்மாவின் புகுந்த வீட்டார் ஒரு காலத்தில் இந்தக் காசாய்க் கடலிலேயே நோரி வளர்த்தவர்களாம். 1960-களில் அந்தத் தொழில் போய், கடலைத் தூர்த்துவிட்டார்கள். அவர் நோரியை வாங்கும்போது வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதைப் பார்க்க வேண்டுமே, நம் பாட்டிகள் பட்டுப்புடவை பார்ப்பது போல!

போன புரட்டாசியில் மாமியார் வந்திருந்தார். புரட்டாசி என்றால் அவருக்கு முட்டைகூட ஆகாது. "எனக்கு ரசம் சாதம் போதும்மா" என்றார். நான் இனாரி செய்தேன். சோயா பன்னீரைப் பொரித்த பை இருக்கிறது, அதற்குள் புளிப்புச் சோற்றை அடைப்பது. இதில் சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடையில் விற்கும் பைகளைப் பெரும்பாலும் உலர்ந்த மீன் போட்ட சாற்றில்தான் வேகவைக்கிறார்கள். பார்க்கச் சைவம், உள்ளே மீன்! வெறும் பையை வாங்கி, கொம்பு என்ற கடல்பாசி ஊறிய தண்ணீரில் சோயா சாஸும் சர்க்கரையும் போட்டு நாமே வேகவைத்தால் கவலையில்லை. மாமியார் நாலு சாப்பிட்டார். சுரைக்காயை நாடாவாகச் சீவிக் காயவைத்த கம்ப்யோவைக் காட்டியதும், "அட, இவங்களும் வத்தல் போடுறாங்களா!" என்று ஒரு பாக்கெட் வாங்கி ஊருக்குக் கொண்டு போனார்.

பச்சை மீனும் இப்போது எப்போதாவது சாப்பிடுகிறோம். மறைப்பதற்கென்ன? இரவு கடை சாத்தும் நேரத்தில் பாதி விலைச் சீட்டு ஒட்டுவார்கள், பச்சையாகச் சாப்பிட என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்கி அன்றே தீர்த்துவிடுவோம். ஆனால் ஊரிலிருந்து இதைப் படிக்கும் சகோதரிகளே, தயவுசெய்து மார்க்கெட்டில் வாங்கிய வஞ்சிரத்தை நறுக்கிச் சோற்றில் வைத்து யாரும் பரீட்சை செய்ய வேண்டாம். கடல் மீனில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கலாம். வினிகரோ உப்போ காரமோ அதைக் கொல்லாது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறைய வைக்க வேண்டும், இல்லையென்றால் நன்றாக வேகவைக்க வேண்டும். நம் வீட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீஸரை நம்பி இறங்காதீர்கள். வெள்ளரிக்காயும் முட்டையும் வைத்தாலே அருமையாக இருக்கும்.

இந்த வருஷம் மார்ச் 3-ம் தேதி நான்தான் சிராஷி செய்து பாட்டியம்மா வீட்டுக்குக் கொண்டு போனேன். மறுநாள் தட்டு திரும்பி வந்தது, நாலு ஆரஞ்சுப் பழத்தோடு. சர்க்கரை கொஞ்சம் அதிகம் என்று என் மகளிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

- ஒரு வாசகி, டோக்கியோ.