கடைத் தொலைபேசிக்கும் பின்வாசல் வேண்டும்



மண்டி கட்டும்போது முன்வாசல் ஒன்று, பின்வாசல் ஒன்று என்று வைத்துக் கட்டியவர்கள் நம் பெரியவர்கள். முன்தெருவில் தேர் வந்து நின்றாலும், லாரி பழுதாகி மறித்தாலும் பின்வாசல் வழியாகச் சரக்கு இறங்கிவிடும். அவர்களின் பிள்ளைகளாகிய நாம் இன்று கடைத் தொலைபேசியை ஒரே வாசலில் வைத்து நடத்துகிறோம். இதனால் நாம் பட்ட நஷ்டத்தைச் சொன்னால் மற்ற வியாபாரிகளுக்காவது உதவும் என்பதால் இதை எழுதுகிறோம்.

டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு, பம்பாய் விலை தெரிய அரை நாள் காத்திருந்த காலம் நமக்கு நினைவிருக்கிறது. அந்தக் கறுப்புத் தொலைபேசியில் ஒரு நன்மை இருந்தது. அதற்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து செம்புக் கம்பி வழியாகவே வந்தது. கடையில் கரண்ட் போனாலும் மணி அடிக்கும். இன்று பேச்சு, பில், ஈ-வே பில், பணப் பட்டுவாடா எல்லாம் ஒரே பைபர் கேபிளில் வருகின்றன. கரண்ட் போனால் மோடம் அணையும். மோடம் அணைந்தால் எல்லாம் அணையும். கேபிள் அறுந்தாலும் அதே கதிதான்.

நமது கடையில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இன்டர்நெட் வழித் தொலைபேசி வைத்தோம். கல்லாவில் ஒன்று, கிட்டங்கியில் ஒன்று, கணக்குப்பிள்ளை மேசையில் ஒன்று, எல்லாவற்றுக்கும் ஒரே எண். முன்யோசனையாக இரண்டாவது இணைப்பும் வாங்கினோம். வைத்துக் கொடுத்தவர், "ஒன்று போனால் மற்றது தானாக எடுத்துக்கொள்ளும்" என்றார். நம்பிவிட்டோம்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது சாலையைத் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள். மோடத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. தொலைபேசி மட்டும் அடிக்கவில்லை. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. சாயங்காலம் நேரில் வந்த ஒரு கிராமத்துக் கடைக்காரர், "அண்ணாச்சி, காலையிலிருந்து நாலு தடவை போன் போட்டேன். கடையைப் பூட்டிட்டீங்கன்னு நினைச்சு பருப்பும் வத்தலும் வேற கடையில சொல்லிட்டேன்" என்றார். அவராவது வந்து சொன்னார். சொல்லாமலே போனவர்கள் எத்தனை பேரோ! பதினைந்து வருட வாடிக்கையாளர் ஒருவர் அன்று விட்டவர், இன்றுவரை திரும்பவில்லை.

பிறகு விவரம் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். மூன்று தவறுகள் வெளிவந்தன.

முதல் தவறு, ரூட்டரில் இருந்தது. கடைக்குள்ளிருந்து வெளியே போகும் வாசலுக்கு 'கேட்வே' என்று பெயர். இரண்டு இணைப்புக்கு இரண்டு கேட்வே. பெரும்பாலான ரூட்டர்களில் ஒவ்வொரு வழிக்கும் ஓர் எண் கொடுப்பார்கள்; எண் குறைந்த வழிக்கு முதல் மரியாதை. அந்த வழி செத்துவிட்டதா என்று ரூட்டர் அவ்வப்போது தட்டிப் பார்க்க வேண்டும். நமது ரூட்டர் பக்கத்திலிருக்கும் மோடத்தைத்தான் தட்டிப் பார்த்தது. மோடம் உயிரோடு இருந்ததால், வழி திறந்திருக்கிறது என்றே எண்ணிக்கொண்டது. வாசற்கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்தால் போதாது. தெருமுனை வரை போய்ப் பார்க்க வேண்டும். அதாவது, ஊருக்கு வெளியே உள்ள ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும்படி அமைக்க வேண்டும். முதல் வழி சரியானதும் உடனே திரும்பாமல், சில நிமிடம் நிலையாக இருக்கிறதா என்று பார்த்துத் திரும்பச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் விட்டு விட்டு வரும் லைனில் பேச்சு அறுந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது தவறு, தொலைபேசியில். "நான் இந்த முகவரியில் இருக்கிறேன்" என்று அது கம்பெனியிடம் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை பதிவு செய்கிறது. அந்த நேரத்தைப் பல இடங்களில் 3600 வினாடி, அதாவது 1 மணி என்று விட்டிருப்பார்கள். வழி மாறினால் முகவரியும் மாறும். மறுபதிவு ஆகும்வரை வருகிற அழைப்பெல்லாம் பழைய முகவரிக்கே போய்த் தட்டிக்கொண்டிருக்கும். இதை 2, 3 நிமிடமாகக் குறைக்கச் சொன்னோம். தொலைபேசி பதிவில் இல்லாவிட்டால், அழைப்பைக் கடை செல்போனுக்குத் திருப்பும்படி கம்பெனியின் பக்கத்திலேயே ஏற்பாடும் செய்துகொண்டோம். கடையில் எல்லாமே அணைந்தாலும் இது கை கொடுக்கும்.

மூன்றாவது தவறு நம்முடையது. இரண்டு கம்பெனியில் இணைப்பு வாங்கினோமே தவிர, இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் தொங்குவதைப் பார்க்கவில்லை. ரூட்டர் சரியாக இருந்திருந்தாலும் அன்று பயன் இருந்திருக்காது. பெயர் இரண்டு, வழி ஒன்று! இப்போது இரண்டாவது வழியாக செல்போன் சிம் போட்ட ரூட்டர் வைத்திருக்கிறோம். ஒரு பேச்சுக்குப் போக 100 கிலோபிட், வர 100 கிலோபிட் இருந்தால் போதும். ஆகவே பின்வாசல் அகலமாக இருக்க வேண்டியதில்லை. வேறு பக்கத்தில் இருக்க வேண்டும். மோடம், ரூட்டர் இரண்டையும் சிறிய யு.பி.எஸ்.ஸில் இணைத்துவிட்டோம்.

"செல்போன் இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். செல்போன் முதலாளியோடு கல்யாணத்துக்குப் போய்விடும். பில்லில் முப்பது வருடமாக அச்சடித்த எண் கடையிலேயே இருக்கும். வாடிக்கையாளர் கூப்பிடுவது கடையை. மேலும், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பெய்த பெருமழையை மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கரண்டும் செல்போனும் சேர்ந்தே போன ஊர்கள் பல. எந்த ஒரு வழியையும் முழுதாக நம்பக் கூடாது என்பதே அதில் நாம் கற்ற பாடம். வாடிக்கையாளர் எண்களை நோட்டில் எழுதி வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

நமது சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். சாலை தோண்டுபவர்கள் கேபிள் வைத்திருப்பவர்களுக்கு முன்கூட்டித் தெரிவிப்பதற்கென்றே மத்திய அரசு 2023 மார்ச்சில் 'கால் பிபோர் யூ டிக்' என்ற செயலியை வெளியிட்டது. கடைவீதியில் வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று சங்கம் நகராட்சிக்கு எழுத வேண்டும். வீதிக்கு வரும் கேபிள்கள் எந்தெந்த வழியில் வருகின்றன என்று கம்பெனிகளிடம் எழுத்து மூலம் கேட்டு வாங்கி, உறுப்பினர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தனிக் கடைக்காரர் கேட்டால் பதில் வராது. சங்கம் கேட்டால் வரும்.

கடைசியாக ஒன்று. மாதம் ஒரு நாள், கூட்டம் இல்லாத நேரத்தில் முதல் லைனைக் கையால் பிடுங்கிவிட்டு, செல்போனிலிருந்து கடை எண்ணுக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு, மூன்று நிமிடத்தில் மணி அடித்தால் நிம்மதி. அடிக்காவிட்டால் வைத்துக் கொடுத்தவரை அன்றே கூப்பிடுங்கள். தராசை நாம் வருடந்தோறும் முத்திரை போட எடுத்துப் போகிறோம். அதற்குக் காட்டும் அக்கறையைத் தொலைபேசிக்கும் காட்டினால், தீபாவளி நேரத்தில் வாடிக்கையாளரை இழந்துவிட்டுப் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நிலை நமக்கு வராது.