ஒரே பஸ்கியா, தினம் ஒரு தினுசா?

திருப்பூரில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறார்கள் என்றால் முன்பெல்லாம் யார் நம்பியிருப்பார்கள்? இப்போது போகிறார்கள். போய் மூன்று வாரம் ஆவதற்குள் ஒரு வழக்கும் ஆரம்பமாகிவிடுகிறது.

"ஏனுங்கத்தை, தினமும் இதே உட்கார்ந்து எழுவதுதானா? உடம்புக்குப் பழகிப் போயிடாதா? வாரம் ஒன்றாக மாற்றினால்தானே சதை ஏறும்?" என்பது மருமகள் கட்சி.

"ஒன்றையே ஒழுங்காகச் செய்தால் போதாதா, கண்ணு?" என்பது மாமியார் கட்சி.

கொங்கு நாட்டில் 'கண்ணு' சொல்லிவிட்டால் பாதி வழக்கு ஜெயித்த மாதிரிதான். மீதிப் பாதியை நாம் விசாரிப்போம்.

முதல் சாட்சி, பக்கத்துக் கோவைக்காரர்: சாண்டோ சின்னப்பா தேவர். 'சாண்டோ' என்பது யூஜின் சாண்டோ என்ற ஜெர்மானியப் பயில்வானின் பெயர். அவருடைய புகழ் இந்தியாவிலும் பரவியதில், கட்டுமஸ்தான தேகத்துக்கே அது பட்டப் பெயராகிவிட்டது. தேவர் காலத்துத் தேகப்பயிற்சிச் சாலைகளில் இருந்ததெல்லாம் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, கொஞ்சம் இரும்புக் குண்டு. அவற்றையே ஆண்டுக்கணக்கில் செய்தார்கள். (பின்னால் படம் எடுக்க வந்த தேவர், எம்.ஜி.ஆரை வைத்தே 16 படங்கள் எடுத்தார். ஒன்றையே திரும்பச் செய்வதில் அவருக்குச் சலிப்பே கிடையாது போலும்!)

இரண்டாவது சாட்சி, வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம். 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ பிரிவில், மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கப் பதக்கம் வாங்கினார். 2018-ல் கோல்டு கோஸ்ட்டிலும் தங்கம். அந்தப் போட்டியில் இருப்பது இரண்டே வகைத் தூக்கு: ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவது ஒன்று, தோளில் ஏற்றி நிறுத்திப் பிறகு உயர்த்துவது மற்றொன்று.

ஆகவே மாமியாருக்கே தீர்ப்பா? அவசரப்படாதீர்கள்.

ஒன்றையே செய்தால் சதை வளரும் என்றால், பனியன் கம்பெனியில் நாளெல்லாம் அயர்ன் பெட்டி தள்ளும் கை பீமசேனன் கையாக அல்லவா ஆகியிருக்க வேண்டும்? ஆகவில்லை, சாயங்காலம் தோள்வலிதான் மிச்சம். காரணம், நேற்றைய பெட்டியின் எடைதான் இன்றைக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கை கொஞ்சம் உரம் பெறும். அதோடு சரி. நம் தசை கணக்குப்பிள்ளை மாதிரி. இருக்கிற பலம் போதும் என்று தெரிந்துவிட்டால் மேற்கொண்டு ஒரு காசு செலவழிக்காது. "நான் வீட்டுவேலையே மாடாகச் செய்கிறேனே!" என்பவர்களுக்கும் இதேதான் பதில்.

தசையை வளர்ப்பது இழுவிசை. ஏறக்குறைய முடியாது என்கிற அளவுக்குப் பாரத்தை எதிர்த்து வேலை செய்தால், தசை நார்கள் அதை உணர்ந்து, அடுத்த ஓரிரு நாட்கள் புரதத்தைச் சேர்த்துத் தம்மைத் தடிப்பாக்கிக்கொள்கின்றன. பாரம் பழகியதும் சற்றுக் கூட்ட வேண்டும். அமெரிக்க ராணுவ டாக்டர் தாமஸ் டிலோர்ம், காயம்பட்ட சிப்பாய்களின் கால்களுக்கு இப்படிப் படிப்படியாகப் பாரம் ஏற்றிப் பலம் திரும்பச் செய்து, 1945-ல் அதை எழுதி வெளியிட்டார். இதில் ஒரு வேடிக்கை: முதல் சில வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பகுதி நரம்புகள் வேலை பழகியதால் வருவது. சதை பின்னால்தான் வரும். வாரா வாரம் பயிற்சியை மாற்றுகிறவர் நரம்புக்கே பாடம் நடத்திக்கொண்டிருப்பார். பாரம் கூடியதா என்று கணக்குப் பார்க்கவும் அவரால் முடியாது.

மருமகள் கட்சியிலும் நியாயம் உண்டு. 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், பஸ்கி மாதிரி ஒரே பயிற்சியைச் செய்தவர்களுக்குத் தொடையின் நான்கு தசைகளும் ஒரே சீராக வளரவில்லை. சில பயிற்சிகளைக் கலந்து செய்தவர்களுக்கு நான்குமே வளர்ந்தன. 2019-ல் வந்த இன்னொன்றில், மாற்றி மாற்றிச் செய்தவர்களுக்கும் மாற்றாதவர்களுக்கும் வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. மாற்றியவர்களுக்கு உற்சாகம் மட்டும் கூடியிருந்தது. உற்சாகம் லேசான விஷயமா என்ன? சலித்துப்போய் நின்றுவிட்டால் எந்தப் பயிற்சியும் பலன் தராது. ஆகவே நாலைந்து பயிற்சிகளை நிலையாக வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்றிரண்டை மாற்றலாம் என்பது என் தீர்ப்பு. மாமியாருக்கு முக்கால், மருமகளுக்குக் கால்.

இதெல்லாம் வாலிபர்கள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நடுவயதிலிருந்தே தசை மெல்லக் கரைகிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பும் வேகமாக இளைக்கிறது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட பாட்டி இல்லாத தெரு உண்டா? 1990-ல் வெளியான பாஸ்டன் நகரத்து ஆய்வு ஒன்றில், முதியோர் விடுதியிலிருந்த 86 முதல் 96 வயது வரையுள்ளவர்களுக்கு எட்டு வாரம் கால்களுக்குப் பாரப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்கள் 9 பேர். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது!

கூடத்துக்குப் போக நேரமில்லாதவர்களுக்கு ஒரு வழி. ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றில் இரண்டு லிட்டர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, தராசு வேண்டாம். அதை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள். இன்னும் இரண்டு மூன்று தடவைதான் முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். பன்னிரண்டு தடவை சுலபமாக வந்துவிட்டால் மறுநாள் ஒரு டம்ளர் தண்ணீர் கூட்டுங்கள். பிறகு சுவரில் கைவைத்துத் தண்டால், கேனை இடுப்புவரை இழுப்பது. வாரத்துக்கு இரண்டு நாளாவது வேண்டும். நடுவில் ஓய்வும் வேண்டும். இரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

சாப்பாடும் கவனிக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்கிறது. 60 கிலோ பெண்மணிக்குச் சுமார் 50 கிராம். பாரம் தூக்குகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட வேண்டும். அரிசியும் பருப்பும் சாதத்தில் பருப்பின் பங்கைக் கூட்டுங்கள். கொள்ளு, தட்டைப்பயறு, தயிர், சாப்பிடுகிறவர்களானால் முட்டை. வீட்டில் எல்லாருக்கும் பரிமாறி முடித்துக் கடைசியில் ரசத்தோடு எழுந்துவிடும் பெண்மணிகள், பயிற்சி நாளிலாவது முதல் பந்தியில் உட்காரட்டும்.