தடவும் உக்காவும்

உக்கா என்னும் புகைக்கலத்திற்கு உலகில் வழங்கும் பெயர்கள் பல. அவற்றுள் மூன்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ‘ஹுக்கா’ என்பது அரபுச் சொல். சிறு பேழை, கலம் என்பது அதன் பொருள். பாரசீகம், உருது ஆகியவற்றின் வழியே தமிழிற் புகுந்து அது உக்கா என நின்றது. துருக்கியிலும் சாம் தேசத்திலும் ‘நார்கிலே’ என்பர். பாரசீகத்தில் தேங்காயைக் குறிக்கும் ‘நார்கீல்’ என்பதன் வழிவந்த சொல் இது. அதற்கு மூலம் வடமொழி ‘நாரிகேளம்’. அவ்வடமொழிச் சொல்லுமே திராவிட மொழிகளிலிருந்து சென்றது என்பார் மொழிநூலாருள் உளர். ஆதியில் தேங்காய்ச் சிரட்டையே நீர்க்கலமாக இருந்தமையால் வந்த பெயர் அது. மூன்றாவதாகிய ‘ஷீஷா’ என்பது கண்ணாடி என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லின் வழியது. இன்று வளைகுடா நாடுகளிலிருந்து நம் கல்முனைக் கரைக்கு வந்திறங்கியிருப்பது இம்மூன்றாம் பெயரே.

பேழை, தேங்காய், கண்ணாடி ஆகிய மூன்றும் அடியிலுள்ள நீர்க்கலத்தையே சுட்டுதல் நோக்கத்தக்கது. உச்சியிலிருக்கும் மட்சட்டியும், அதன்மேல் வைக்கும் கரியும் எப்பெயரிலும் இடம்பெறவில்லை. பெயர் பெறாத பொருளை மனம் எண்ணாது விடுகின்றது. இக்கருவியைப் பற்றி நம்மிடையே உலவும் பிழைகள் யாவும் அந்த ஒரு மறதியினின்றே பிறக்கின்றன என்பது என் கருத்து. அக்கருத்தை யான் நூலிற் கற்றிலேன். என் வீட்டிற் கற்றேன். அதனைச் சொல்வது எனக்குப் பெருமை தருவதன்று, ஆயினும் சொல்வேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கையின் மகன் கத்தாரிலிருந்து விடுமுறையில் வந்திருந்தான். பெட்டியில் ஓர் உக்காவும் வந்தது. இரண்டு நாள் முயன்றும் அதிற் புகை எழவில்லை. எழுந்த சிறிதும் காந்தல் நாற்றம் அடித்தது. மூன்றாம் நாள் அவன் என்னிடம் வந்து, “மாமா, சாம்பிராணிச் சட்டி வைக்கிறதில உங்களைப் போல கைக்காரர் இந்தக் குடியில இல்லையென்று உம்மா சொல்றா. இதையும் ஒருக்காப் பாருங்களேன்” என்றான். புகழுக்கு மயங்காதார் யார்? யானும் மயங்கினேன்.

சாம்பிராணிச் சட்டி வைத்தல் எம் வீட்டில் மூத்தம்மாவிடமிருந்து யான் பெற்ற கல்வி. வெள்ளி இரவுகளிலும் மௌலூது ஓதும் நாட்களிலும் அவர் சட்டியை ஆயத்தம் செய்வதை அருகிருந்து பார்ப்பேன். முதலில் அடியிற் சாம்பலைத் தளர்வாகப் பரப்புவார். அதன்மேல் சிரட்டைக்கரித் துண்டுகளைக் குவியலாகக் கொட்டாமல், ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்துவார். கரி முழுதும் பற்றி, கருமை நீங்கி, மேலே வெண்சாம்பல் பூக்கும்வரை சாம்பிராணியைத் தொடமாட்டார். பின்னரும் அதனை மாவாக இடியாமல், பயற்றங்கொட்டை அளவில் உடைத்து, கனலின் நடுவில் இடாது ஓரத்தில் இடுவார். நடுவில் இட்டால் சுவாலை எழுந்து மணம் கருகும். ஓரத்தில் இட்டால் உருகி மெல்ல மெல்லப் புகையும். “நெருப்புக்கு மூச்சு விட இடம் குடு மகன்” என்பதே அவர் கற்பித்த ஒரே சூத்திரம்.

அந்தச் சூத்திரம் உக்காவிற்கும் பொருந்திற்று. மருமகன் செய்த பிழைகள் நான்கு. புகையிலையைப் பாகிற் குழைத்துச் செய்யும் ‘முஅஸ்ஸல்’ என்னும் கலவையை அவன் மட்சட்டியில் விரலால் அழுத்தி நிரப்பியிருந்தான். ‘தேனூட்டியது’ என்று பொருள்படும் அப்பிசின் பொருள் அடித்துளைகளை அடைத்துக்கொண்டது. வாய்விளிம்புவரை நிரப்பியமையால் மேலே மூடிய ஈயத்தாள் கலவையிற் பட்டு, பட்ட இடம் கரிந்தது. தாளிலே துளைகள் அரிதாக இருந்தன. கரியோ அரைகுறையாகப் பற்றியது.

யான் சட்டியைக் கழுவித் துளைகளை ஈர்க்கினால் தெளிவாக்கினேன். கலவையை உதிர்த்து, விரல்நுனியால் தூவி, துளைகளை மூடாது விட்டேன். விளிம்பிற்குக் கீழே ஒரு நூலளவு இடைவெளி விட்டு, தாளை இழுத்துக் கட்டி, ஊசியால் வட்டம் வட்டமாகத் துளையிட்டேன். வெண்சாம்பல் பூத்த கரியை நடுவில் வையாது ஓரங்களில் வைத்தேன். நீர்மட்டம் நடுக்குழாயின் நுனியை இரண்டு விரற்கடை மூடுமாறு குறைத்து, பொருத்துவாய்களில் காற்றுக் கசியாவண்ணம் துணி சுற்றினேன். ஒருவன் குழாயை உறிஞ்சும்போது நீருக்கு மேலுள்ள வெற்றிடத்தில் அமுக்கம் குறைகின்றது. அக்குறையை நிரப்ப, வெளிக்காற்று கரியினூடே சூடேறி, கலவையினூடே இறங்கி, நடுக்குழாய் வழியே நீரிற் குமிழியிட்டு மேலெழுகின்றது. வழி எங்கும் தடையின்றேல் புகை நிறையும். இதிலே மாயம் யாதுமில்லை. முதல் இழுப்பிலேயே வெண்முகில் போலப் புகை எழுந்தது. இளைஞர் ஆரவாரித்தனர். யான் மார்பு நிமிர்த்தி நின்றேன்.

அது வடகீழ்ப் பருவமழைக் காலம். மறுநாள் மாலை தொடங்கிய மழை விடவில்லை. நால்வர் கூடத்தில் உக்காவைச் சூழ்ந்திருந்தனர். சாரலுக்கு அஞ்சிக் கதவும் யன்னலும் அடைக்கப்பட்டன. கரி இருமுறை மாற்றப்பட்டது. கூடத்தை அடுத்த அறையில் என் மகள், பிறந்து பன்னிரண்டு நாளான பிள்ளையோடு படுத்திருந்தாள். எங்கள் வீட்டிலே அறைச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் குளிர்காற்றுப் படலாகாது என்று அந்த அறையின் யன்னலும் அடைபட்டிருந்தது. போதாதென்று கட்டிலின்கீழ் ஒரு சாம்பிராணிச் சட்டியும் இருந்தது. அதனை வைத்தவன் யானே.

இரவு பத்து மணியளவில் மகள் தலையிடி என்றாள். பின் வாந்தி எடுத்தாள். எழுந்து நிற்க முயன்று விழுந்தாள். பிரசவத் தளர்ச்சி என்றே நாங்கள் எண்ணினோம். கூடத்தில் மருமகனும் தலை சுழல்கின்றது என்றான். அயல்வீட்டிலிருந்த குடும்பநல உத்தியோகத்தரை அழைத்தோம். அவர் உள்ளே வந்ததும் நோயாளியைத் தொடுமுன் யன்னலைத் திறந்தார். “முதல்ல பிள்ளையை வெளிய கொண்டு போங்க சேர்” என்றார். மழையில் நனைந்துகொண்டே வைத்தியசாலைக்குச் சென்றோம். தாய்க்கும் சேய்க்கும் ஒட்சிசன் கொடுத்தார்கள். இறைவன் அருளால் இருவரும் பிழைத்தனர்.

கரி எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் வாயு உண்டாகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. சாம்பிராணியின் மணத்தையும் புகையிலையின் பழமணத்தையும் உணர்ந்த எம் மூக்கு அதனை உணரவில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதைக் காட்டிலும் 200 மடங்கிற்கும் மேலான வன்மையோடு இவ்வாயுவைப் பற்றிக்கொள்கின்றது. மூச்சு நடந்துகொண்டே இருக்கும். உயிர்வளி உடலுக்குச் சென்று சேராது. யான் திறந்துவிட்ட காற்றுவழி அந்நச்சை நீக்கவில்லை. புகையை இனிதாக்கி, நால்வரையும் நெடுநேரம் அமரச் செய்து, கரியை மேன்மேலும் வைக்கச் செய்தது. என் கைத்திறன் அங்ஙனம் பயன்பட்டது.

இனி, நீரானது புகையைக் கழுவித் தூய்மையாக்குகின்றது என்பாருக்கு விடை கூறவேண்டும். இஃது இன்று நேற்றுப் பிறந்த எண்ணம் அன்று. அக்பர் அவையின் மருத்துவராகிய ஹகீம் அபுல் ஃபத் கீலானி என்பாரே புகையிலையின் தீமையைப் போக்க நீரினூடே புகையைச் செலுத்தும் முறையைக் கண்டார் என்றொரு கதை பரவியுள்ளது. அவர் 1589-ஆம் ஆண்டில் இறந்தவர். அசத் பேக் என்பவர் பீசப்பூரிலிருந்து புகையிலையைக் கொணர்ந்து அக்பருக்குக் காட்டியதோ 1604-ஐ ஒட்டிய காலத்தில். அக்பரின் மைந்தர் சகாங்கீர் 1617-இல் புகையிலையை விலக்கி ஆணையிட்டார். எனவே, கதை காலத்தாற் பிழைபட்டது, கருத்தாலும் பிழைபட்டதே. நீர் புகையைக் குளிரச் செய்கின்றது; நிக்கொட்டினிற் சிறிது நீரில் தங்குகின்றது. காபனோரொட்சைட்டோ நீரிற் கரைவது மிக அரிது. குளிர்ந்த புகை தொண்டையைக் கடியாதாகலின், புகைப்பவன் ஆழமாகவும் நெடிதாகவும் இழுக்கின்றான். ஓர் அமர்வில் உக்கா புகைப்பவர் 100 சிகரெட்டுகளுக்கு ஈடான, அன்றி அதனினும் மிகுதியான புகையை உள்ளிழுக்கக்கூடும் என 2005-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரைக் குறிப்பு உரைத்தது. ஒரே வாய்க்குழலைப் பலர் மாறி மாறிச் சுவைப்பதால் காசம் முதலிய தொற்றுகள் பரவும் என்பதும் அறிந்ததே.

“அறபு நாட்டு வழக்கம் அல்லவா?” என்று சில பெரியோர் இதற்குப் பரிந்து பேசுவதைக் கேட்டிருக்கின்றேன். ஒரு நாட்டின் வழக்கம் மார்க்கமாகிவிடாது. மற்றும் சிலர் இதனை அந்நியர் கேடு என்று ஒரே சொல்லால் தள்ளுவர். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. என் வீட்டிலே கட்டிலின்கீழ் இருந்த சட்டி கத்தாரிலிருந்து வந்ததன்று, மூத்தம்மாவிடமிருந்து வந்தது. அவர் காலத்துக் கிடுகுக் கூரையும் களிமண் சுவரும் நூறு இடுக்குகளால் மூச்சுவிட்டன; சட்டியின் நச்சு தானே வெளியேறிற்று. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின் இக்கரையில் எழுந்த வீடுகளோ சீமெந்தும் கண்ணாடியும் கொண்டு காற்றுப் புகாமல் அடைபட்டவை. வீடு மாறிற்று, வழக்கம் மாறவில்லை. சட்டிக்குள் காற்றுக்கு வழி வகுத்த நாம் வீட்டிற்குள் அதற்கு வழி வகுத்தோமில்லை.

ஆகவே யான் வேண்டுவன மூன்று. பிள்ளைப்பேற்று அறையிற் கரிநெருப்பு வேண்டா. சாம்பிராணி இடும் வழக்கத்தை விடமாட்டோம் எனின், யன்னலைத் திறந்து இடுக. மணம் சிறிது வெளியே போவதால் குறைவொன்றும் இல்லை. உக்கா, வீட்டிலும் வேண்டா, கடையிலும் வேண்டா. இருபத்தொரு வயது நிரம்பாதார்க்குப் புகையிலைப் பொருளை விற்றலை 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் விலக்கியுள்ளது. சட்டம் கடைவாயிலில் நிற்கும்; வீட்டுக்குள் வரவேண்டியது அறிவு. அவ்வறிவைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் ஊட்டும் கடன் விஞ்ஞான ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று. நமக்கு அண்மையிலுள்ள காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் (1892–1947) மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதராகவும் விஞ்ஞானப் பட்டதாரியாகவும் ஒருங்கே விளங்கினார். தமிழ் கற்றவனுக்கு வாயுவின் இயல்பு வேண்டா என்னும் எண்ணம் அவரிடத்தில் இருந்ததில்லை. என்னிடத்தில் இருந்தது.

பத்துப்பாட்டுள் நெடுநல்வாடையை யான் பல்லாண்டு பாடம் சொல்லியிருக்கின்றேன். கூதிர்க் காலத்து வாடைக்கு அஞ்சிய நகரமாந்தர் மாடத்துக் கதவுகளைத் தாழிட்டு, அகன்ற வாயையுடைய தடவில் இட்ட நெருப்பின் வெம்மையை நுகர்ந்தமையை நக்கீரர் அதிற் காட்டுகின்றார். தடவு என்பது நெருப்பிடும் சட்டி என்று பொருள் கூறி, அச்சொல்லாட்சியை வியந்து மேலே செல்வது என் வழக்கம். அந்த மழையிரவின் பின் முதன்முறையாக அப்பகுதியை வகுப்பில் விளக்கியபோது மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், கதவைப் பூட்டிப்போட்டு நெருப்பு வைச்சா அவங்களுக்குத் தலையிடிக்காதா?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. யான் சிரிக்கவில்லை. பாட்டை மூடி வைத்துவிட்டு, அன்றைய பாடவேளை முழுவதும் அவனுடைய வினாவிற்கே விடை சொன்னேன்.