சமூக அறிவியல் ஆய்வாளரும் பொருளாதார அளவியல் கல்வியும்

பொருளாதார அளவியல் என்னும் துறைக்கு 1926-இல் பெயரிட்டவர் நோர்வே அறிஞர் ரக்னர் ஃபிரிஷ். கோட்பாடு, கணிதம், புள்ளியியல் ஆகிய மூன்றும் ஒருங்கிணைவதையே அவர் இத்துறையின் இலக்கணமாகக் கண்டார். இன்று சமூகவியல், அரசியல் அறிவியல், கல்வியியல் ஆகிய துறைகளின் முதுநிலை மாணவர்களும் இதனைக் கற்கின்றனர். அவர்களுக்குச் சூத்திர நிறுவல்களும் மென்பொருள் கட்டளைகளும் போதுமெனக் கொள்ளும் போக்கு மறு ஆய்வுக்குரியது.

டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தக்க சான்றாகும். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. அண்டை மாநிலமான பென்சில்வேனியாவில் கூலி மாறவில்லை. இரு பகுதிகளிலும் 410 துரித உணவகங்கள், உயர்வுக்கு முன்னும் பின்னும் கணக்கெடுக்கப்பட்டன. ஓர் உணவகத்தின் சராசரி முழுநேரப் பணியிட அளவு நியூஜெர்சியில் 20.4-இலிருந்து 21.0 ஆக உயர்ந்தது. கிழக்குப் பென்சில்வேனியாவில் 23.3-இலிருந்து 21.2 ஆகக் குறைந்தது. இரு மாற்றங்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடு ஏறத்தாழ 2.8. கூலி உயர்ந்தால் வேலை குறையும் என்ற எதிர்பார்ப்புக்கு இம்முடிவு மாறாக அமைந்தது.

இங்குள்ள கணக்கு மூன்று கழித்தல்களே. கூலி உயராதிருப்பின் நியூஜெர்சியும் பென்சில்வேனியாவின் வழியே சென்றிருக்கும் என்னும் எடுகோளே முடிவைத் தாங்கி நிற்கிறது. அதனை எந்த மென்பொருளும் மெய்ப்பித்துத் தராது. அப்பகுதிகளின் தொழிற்சந்தை, மக்கள் நடமாட்டம், நிர்வாக வரலாறு ஆகியவற்றை அறிந்தவரே அதனை எடைபோட இயலும். அவ்வறிவு சமூக அறிவியலாரின் சொந்த முதலாகும். நியூமார்க், வாஷர் ஆகியோர் சம்பளப் பதிவேடுகளைக் கொண்டு 2000-இல் மாறுபட்ட முடிவை முன்வைத்தனர். முதல் ஆய்வாளர்கள் அரசின் வேலைவாய்ப்புத் தரவுகளைக் கொண்டு விடையிறுத்தனர். தரவு எவ்வாறு திரட்டப்பட்டது என்பதும் முறையியலின் பகுதியே என்பதை இவ்விவாதம் உணர்த்துகிறது.

இதனால் கணிதத்தைக் கைவிடலாம் என்பது பொருளன்று. ஒரே ஊரைச் சேர்ந்தோரின் விடைகள் தம்முள் ஒத்திருக்கக் கூடும். அதனைக் கருதாது திட்டப் பிழையைக் கணித்தால் அது பெரும்பாலும் குறைவாகத் தோன்றும். உறுதியற்ற முடிவும் உறுதியானதாகக் காட்சிதரும். கணிதம் அறியாதவர் இப்பிழையைக் காண்பது அரிது. மாற்றத்துக்குரியது வரிசைமுறையே. முதலில் ஆய்வு வினா, அடுத்து ஒப்பீட்டின் தகுதி, அதன்பின் மதிப்பீட்டு முறை, இறுதியில் மென்பொருள் எனப் பாடம் அமைதல் வேண்டும். வெளிவந்த ஓர் ஆய்வின் தரவைப் பெற்று, அதன் முடிவை மீளக் கணித்து, எடுகோளை வினவும் பயிற்சி ஒவ்வொரு பருவத்திலும் இடம்பெறல் நன்று.

கூலி, கல்வி, நலத்திட்டம் பற்றிய ஆய்வு முடிவுகள் கொள்கைகளாக மாறி எளிய மக்களின் வாழ்வைத் தொடுகின்றன. உடன்தொடர்பைக் காரண உறவாகப் பிறழ உணரும் ஆய்வு, பயனுள்ள திட்டத்தை நிறுத்தவும் பயனற்றதை நீட்டிக்கவும் இடந்தரும். எண்ணைப் பெறும் திறனோடு, அவ்வெண்ணை ஐயுறும் திறனையும் வளர்ப்பதே இக்கல்வியின் கடன்.