பழைய 5டி மார்க் 3-ஆ, புதிய ஆர்50-ஆ? ஓசூரில் கல்யாண ஆர்டர் எடுக்க எந்த கேமரா வாங்கலாம்?

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். வாரம் முழுக்க ஷிப்ட். முகூர்த்த நாள் வந்தால் லீவு போட்டுவிட்டு, தெரிந்த போட்டோகிராபர் அண்ணனுக்கு அசிஸ்டென்ட்டாகப் போய்விடுவார். இரண்டு வருடம் லைட் பிடித்து, ஆல்பம் டிசைன் செய்து பழகியாச்சு. இனி சொந்தமாக ஆர்டர் எடுக்கலாம் என்று தைரியம் வந்துவிட்டது. கையில் இருக்கும் பட்ஜெட் 70 ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில்.

அண்ணன் சொல்கிறார்: "பழசா இருந்தாலும் புரொஃபஷனல் பாடி வாங்குப்பா. ஃபுல் ஃபிரேம் ஃபுல் ஃபிரேம்தான்." பெங்களூரு கடைக்காரர் சொல்கிறார்: "டிஎஸ்எல்ஆர் காலம் முடிஞ்சு போச்சு சார், மிரர்லெஸ் எடுங்க. ஈஎம்ஐ போட்டுத் தர்றோம்." இருவருமே பொய் சொல்லவில்லை. அதுதான் சிக்கல்.

உதாரணத்துக்கு இரண்டு கேனான் கேமராக்களைப் பார்ப்போம். ஒன்று, 2012 மார்ச்சில் அறிமுகமான இஓஎஸ் 5டி மார்க் 3. ஒரு காலத்தில் கல்யாண போட்டோகிராபர்களின் கனவு கேமரா. இன்னொன்று, 2023 பிப்ரவரியில் வந்த இஓஎஸ் ஆர்50, மிரர்லெஸ் வரிசையில் நுழைவுநிலை மாடல். செகண்ட் ஹேண்டில் அதையும் கடையில் புதிதாக இதையும் ஏறக்குறைய ஒரே பட்ஜெட்டுக்குள் யோசிக்க முடிகிறது என்பதால்தான் இந்த ஒப்பீடே வருகிறது. நிக்கான், சோனி பக்கம் போனாலும் கணக்கு பெரிதாக மாறாது.

கண்ணாடி போனதால் என்ன மாறியது?

டிஎஸ்எல்ஆருக்குள் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அது மேலே இருக்கும் வியூஃபைண்டருக்கு அனுப்பும். பட்டனை அழுத்தினால் கண்ணாடி மேலே எழும்பும், வெளிச்சம் சென்சாரில் விழும். அந்த 'டக்' சத்தம் இதுதான். மிரர்லெஸ்ஸில் கண்ணாடியே கிடையாது. சென்சார் பார்ப்பதையே ஒரு குட்டி எலக்ட்ரானிக் திரையில் நீங்களும் பார்க்கிறீர்கள். படம் இருட்டாக வருமா, வெளுத்துப் போகுமா என்பது எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். புதிதாகக் கற்பவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை, பழைய ஆட்கள் பல நேரம் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

உலக அளவில் 2020-ல் முதல்முறையாக மிரர்லெஸ் கேமராக்களின் ஏற்றுமதி எண்ணிக்கை டிஎஸ்எல்ஆரைத் தாண்டியது. அதே ஆண்டு வந்த 1டிஎக்ஸ் மார்க் 3-தான் தங்களுடைய கடைசி முதன்மை டிஎஸ்எல்ஆர் என்று கேனான் தலைமை 2021 இறுதியில் சொல்லிவிட்டது. ஆக, பழைய பாடி வாங்குபவர் ஒரு நல்ல கேமராவை வாங்குகிறார். ஆனால் வளர்ச்சி நின்றுபோன ஒரு வரிசையில் வாங்குகிறார். நாளாக ஆக ஸ்பேர் பார்ட்ஸ் கிடைப்பது கஷ்டமாகும்.

ஃபோகஸும் வீடியோவும்: புதுசுக்கு ஒருதலை வெற்றி

5டி மார்க் 3-ல் 61 ஃபோகஸ் புள்ளிகள். 2012-ல் பிரமிப்பான எண்ணிக்கை. ஆனால் அவை எல்லாம் ஃபிரேமின் நடுப்பகுதியில்தான் குவிந்திருக்கும். மணமகள் முகம் ஓரத்தில் இருந்தால் நடுவில் ஃபோகஸ் செய்து, கேமராவை நகர்த்தி எடுக்க வேண்டும். இன்னொரு தொல்லையும் உண்டு. டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் அளப்பது ஒரு தனி சென்சார், படம் விழுவது வேறொரு சென்சார். இரண்டுக்கும் நூலிழை வித்தியாசம் இருந்தால் கண்ணுக்குப் பதில் காது ஷார்ப்பாக வரும். இதைச் சரிசெய்ய மெனுவில் வழி இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாக உட்கார்ந்து செட் செய்ய வேண்டும்.

ஆர்50-ல் படம் பதியும் அதே சென்சார்தான் ஃபோகஸும் பார்க்கிறது. கிட்டத்தட்ட ஃபிரேம் முழுக்க எங்கே முகம் இருந்தாலும் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். ரிசப்ஷனில் நண்பர்கள் தூக்கிவைத்து ஆடும்போது மாப்பிள்ளை கண்ணில் ஃபோகஸ் ஒட்டிக்கொண்டே போகிறது என்றால், அது அனுபவத்தால் மட்டும் ஈடுகட்டக்கூடிய வித்தியாசம் இல்லை.

வீடியோவில் இடைவெளி இன்னும் பெரியது. ஒரு காலத்தில் வீடியோவைப் புரட்டிப்போட்டதே இந்த 5டி வரிசைதான். 2010-ல் அமெரிக்க டிவி தொடரான 'ஹவுஸ்'-ன் சீசன் இறுதி எபிசோடையே 5டி மார்க் 2-ல் எடுத்தார்கள். ஆனால் அதெல்லாம் ஃபோகஸ் பிடிக்கத் தனியாக ஓர் ஆள் நிற்கும் செட்டில். தனியாளாக ஓடிக்கொண்டே எடுப்பவருக்கு 5டி மார்க் 3-ன் வீடியோ ஆட்டோஃபோகஸ் உதவவே உதவாது. ஃபுல் எச்டி வரைதான் பதிவாகும். ஆர்50 4கே-யில் 30 ஃபிரேம் எடுக்கும், ஃபுல் எச்டி-யில் 120 ஃபிரேம் ஸ்லோமோஷனும் உண்டு. 'நைட்டே ரீல்ஸ் அனுப்பிடுங்க அண்ணா' என்று கேட்கும் ஜோடிகளிடம் ஆர்டர் பிடிக்க வேண்டும் என்றால், இந்த ஒரு பாயின்ட்டிலேயே பாதி முடிவு வந்துவிடுகிறது.

'ஃபுல் ஃபிரேம்' என்ற மந்திரம்

ஃபுல் ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மி.மீ. அளவு. ஆர்50-ல் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 22-க்கு 15 மி.மீ. பரப்பளவில் 2.6 மடங்கு வித்தியாசம். இருட்டு மண்டபத்தில் பெரிய சென்சார் அதிக வெளிச்சம் வாங்கும் என்பது உண்மை. ஆனால் நடுவில் 11 வருட தொழில்நுட்ப வளர்ச்சி இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தில் நிழல் பகுதியை எடிட்டிங்கில் தூக்கினால், பழைய 5டி-யில் கோடு கோடாக நாய்ஸ் எழும். ஆர்50 அங்கே சுத்தம். ஐஎஸ்ஓ-வை மிக அதிகமாக ஏற்றும்போதுதான் பெரிய சென்சாரின் பலன் தெரியும். மெகாபிக்சல் பற்றிப் பேசவே வேண்டாம்: 22-ம் 24-ம் ஆல்பத்தில் ஒன்றுதான்.

உண்மையான வித்தியாசம் லென்ஸில் இருக்கிறது, கடையில் யாரும் அதைச் சொல்வதில்லை. ஆர்50-உடன் வரும் 18-45 மி.மீ. கிட் லென்ஸ், ஜூம் முனையில் எஃப் 6.3-க்கு மேல் திறக்காது. அண்ணன் 5டி-யில் மாட்டியிருப்பது 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6.3-ஐ 1.8-ஆல் வகுத்து, வந்த விடையை அதாலேயே பெருக்குங்கள். 12-க்கு மேல் வரும். அதாவது அந்த லென்ஸ் 12 மடங்கு பிரகாசமான பிம்பத்தைத் தருகிறது. சென்சார் அளவால் வரும் 2.6 மடங்கு இதற்கு முன்னால் சின்ன விஷயம். 'மிரர்லெஸ்ஸில் நைட் ஷாட் நல்லா வரலை' என்று புலம்புபவர்களில் பலர் உண்மையில் குறை சொல்ல வேண்டியது கிட் லென்ஸைத்தான்.

இதற்கு வழி உண்டு. கேனானின் பழைய இஎஃப் லென்ஸ்களை ஓர் அடாப்டர் வைத்து ஆர்50-ல் மாட்டலாம், ஆட்டோஃபோகஸும் வேலை செய்யும். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் 50 மி.மீ. எஃப் 1.8, ஆர்50-ல் 80 மி.மீ. போல நடந்துகொள்ளும், போர்ட்ரெய்ட்டுக்குக் கச்சிதம். தவிர, 2024 ஏப்ரலில் சிக்மா, டாம்ரான் நிறுவனங்கள் இந்த ஆர்எஃப் மவுண்ட்டுக்கு லென்ஸ் அறிவித்த பிறகு, புதிதாக வாங்குவோருக்கும் வாய்ப்புகள் கூடியிருக்கின்றன.

ஆனால், தாலி கட்டுவதை ரீடேக் கேட்க முடியாது

இந்த இடத்தில் அண்ணன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

5டி மார்க் 3-ல் இரண்டு மெமரி கார்டு போடலாம், ஒன்று சிஎஃப், இன்னொன்று எஸ்டி. ஒரே படத்தை இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிய வைக்கலாம். ஒரு கார்டு கெட்டுப்போனாலும் கல்யாணம் தப்பிக்கும். ஆர்50-ல் ஒரே ஸ்லாட். முந்தைய நாள் மாலை ரிசப்ஷன், அதிகாலை முகூர்த்தம் என ஓடிய இரண்டு நாள் உழைப்பும் ஒரே கார்டில். கார்டு படுத்தால் போவது சம்பளம் மட்டுமல்ல. ஓசூர் மாதிரி ஊரில் ஒரு குடும்பத்தின் பேச்சு அடுத்த பத்து ஆர்டரை நிறுத்திவிடும்.

பேட்டரியும் அப்படித்தான். 5டி மார்க் 3-க்கு ஒரு சார்ஜில் 950 படங்கள் என்பது அதிகாரபூர்வ அளவு. ஆர்50 அதில் பாதிகூட வராது. குறைந்தது மூன்று பேட்டரி வேண்டும், அந்தச் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ரா ஃபார்மட்டில் தொடர்ச்சியாக அழுத்தினால் ஆர்50 ஒரு விநாடிக்குள் மூச்சு வாங்கும். அட்சதை தூவும்போது விரலை எடுக்காமல் அழுத்தும் பழக்கம் இருந்தால், முக்கியமான நொடியில் கேமரா நின்றுவிடும். ஜேபெக்கில் எடுத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

ஃபிளாஷ் விஷயம் இன்னும் பலருக்குத் தெரியாது. ஆர்50-ன் மேலே இருக்கும் ஷூவில் பழைய ஃபிளாஷ்களுக்கான பின் தொடர்புகள் இல்லை. அசிஸ்டென்ட்டாக இருந்தபோது வாங்கிவைத்த ஃபிளாஷையும் டிரிக்கரையும் நேரடியாக மாட்டினால் எரியாது. ஏடி-இ1 என்ற இணைப்பான் தனியாக வாங்க வேண்டும். உங்களிடம் இருக்கும் டிரிக்கரைக் கடைக்கே எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள்.

எடை என்று பார்த்தால் ஆர்50 பேட்டரியோடு 375 கிராம், 5டி சுமார் 950 கிராம். பத்து மணி நேரம் நிற்பவரின் கழுத்துக்கு இது பெரிய விஷயம். ஆனால் அந்தக் கூடுதல் எடையில்தான் தூசி, தூறலைத் தாங்கும் சீலிங்கும் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடக்கும் எருது விடும் விழாவை எடுக்கப் போகிறவர்களுக்கு அது புரியும். புழுதிக்கு நடுவில் ஆர்50 பாதுகாப்பில்லாத கேமரா. அதன் ஃபோகஸ் அமைப்பு நாய், பூனை, பறவை போன்றவற்றை அடையாளம் காணும், காளைக்கென்று தனி அமைப்பு எதுவும் கிடையாது. விநாடிக்கு 15 படம் என்ற விளம்பர வேகம் முழு எலக்ட்ரானிக் ஷட்டரில் வருவது. அதில் பாய்ந்து ஓடும் காளையின் கால்கள் சாய்ந்து, வளைந்து தெரியலாம். பைக் சக்கரம் சுழல்வதை எடுத்தாலும் இதே கதை. 12 படம் எடுக்கும் இன்னொரு மோடில் இந்தச் சிக்கல் குறைவு.

தொழிற்சாலைகளுக்கு புராடக்ட் போட்டோ எடுப்பவர்களுக்கு இந்த விவாதமே தேவையில்லை. டிரைபாட் போட்டு, லைட் செட் செய்து எடுக்கும்போது இரண்டும் ஒரே தரம்தான்.

அப்போ, அந்த 70 ஆயிரத்தை எதில் போடுவது?

ரீல்ஸ், கேண்டிட், சின்னச் சின்ன வீடியோ ஆர்டர்கள்தான் ஆரம்ப வருமானம் என்றால் ஆர்50 போன்ற மிரர்லெஸ்ஸும், ஓர் அடாப்டரும், பழைய 50 மி.மீ. லென்ஸும் சரியான கூட்டு. ஆனால் அதை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு முழுக் கல்யாணத்துக்குத் தனி ஆளாகப் பொறுப்பேற்கக் கூடாது. முகூர்த்தத்துக்கு இரண்டு ஸ்லாட் உள்ள பாடியை வாடகைக்கு எடுங்கள், வாடகையை ஆர்டர் தொகையிலேயே சேர்த்துப் பேசுங்கள். வீடியோவுக்குத் தனி ஆள் இருக்கிறார், லென்ஸும் ஃபிளாஷும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன, மேடை போட்டோதான் வேலை என்றால் பழைய 5டி இன்றும் மோசமான முடிவில்லை. லென்ஸுக்குக் காசில்லாமல் பாடியை மட்டும் வாங்குவதுதான் மோசமான முடிவு.

அத்திப்பள்ளி தாண்டி வாங்கப் போகிறீர்களா?

ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கி.மீ.தான் என்பதால், கேமரா வாங்க பெரும்பாலும் அங்கேதான் போவார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு இரு மாநிலத்திலும் ஒரே வரி. 2019 ஜனவரி 1 முதல் டிஜிட்டல் கேமராவுக்கு அது 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. எல்லை தாண்டினால் வரி மிச்சம் என்ற பழைய கணக்கு இப்போது கிடையாது. நீங்கள் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள்: கர்நாடக எஸ்ஜிஎஸ்டி போட்ட பில்லை வைத்து இங்கே வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. பில் போடும் முன்பே உங்கள் பதிவு எண்ணைக் கொடுத்து, எந்த வரி போடுகிறார்கள் என்று பேசிவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் ஷட்டர் எண்ணிக்கை முக்கியம். 5டி மார்க் 3-ன் ஷட்டர் 1.5 லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. நிக்கானில் எடுத்த போட்டோ ஃபைலிலேயே இந்த எண் பதிந்திருக்கும். இந்த கேனானில் அப்படி இல்லை, தனி சாஃப்ட்வேர் அல்லது சர்வீஸ் சென்டர்தான் வழி. 'குறைவாத்தான் ஓடிருக்கு சார்' என்ற வாய் வார்த்தையை நம்ப வேண்டாம். சொந்தமாக ஒரு சிஎஃப் கார்டும் ஓர் எஸ்டி கார்டும் கொண்டுபோய் இரண்டு ஸ்லாட்டிலும் படம் பதிகிறதா என்று பாருங்கள். எஃப் 16-ல் வெள்ளைச் சுவரை எடுத்தால் சென்சாரில் இருக்கும் தூசி கறுப்புப் புள்ளியாகத் தெரியும். லென்ஸுக்குள் மொபைல் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். பாடியின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணும் பழைய பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பில்லே இல்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பஸ் ஏறி ஓசூருக்குத் திரும்பிவிடுங்கள்.