விடுதிக்கு அனுப்பும் முன்

பிள்ளையைக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய்ச் சேர்க்கிற நாளில், பக்கெட், ஊறுகாய் பாட்டில், ஏ.டி.எம். கார்டு என்று ஒன்றையும் மறவாமல் கவனிக்கிற பெற்றோர், மதுவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் பேசாமல் ஊர் திரும்பிவிடுகிறார்கள். பேசினால் இல்லாத நினைப்பை நாமே உண்டாக்கியதாகிவிடுமோ என்கிற அச்சம் ஒருபுறம், நம் பிள்ளை அப்படிப்பட்டவன் அல்லன் என்கிற அபிமானம் ஒருபுறம்; மாலையானால் தாமே டாஸ்மாக் பக்கம் போய்வருகிற தகப்பனாருக்கோ அந்தப் பேச்சை எடுக்க வாயே வருவதில்லை.

21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கலாகாது என்பது தமிழ்நாட்டுச் சட்டம். சில்லறை வியாபாரத்தையும் 2003 முதல் அரசாங்கமே நடத்திவருகிற இந்த ராஜ்யத்தில், அவ்விதி கடைவாசலில் எவ்வளவு தூரம் அனுஷ்டிக்கப்படுகிறது என்பதை வாசகர்களே அறிவார்கள்.

கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, நல்ல மார்க்கும் வாங்கி, பொறியியல் வகுப்பில் ஆங்கில விரிவுரைகளுக்கு நடுவே திடீரென்று ஊமையாகிப்போன ஒரு பையன், முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் வைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு மாலை வீட்டிலிருந்து போன் வருகிறது. "சாப்பிட்டியா? நல்லா படிக்கிறியா? கடன் வாங்கி ஃபீஸ் கட்டியிருக்கேன், ஞாபகம் இருக்கட்டும்." எல்லாவற்றுக்கும் "சரிப்பா" என்கிறான். நகையை அடகு வைத்த அந்த வாத்சல்யமே அவன் வாயைக் கட்டிவிடுகிறது. மறு சனிக்கிழமை இரவு சீனியர் ஒருவனின் அறையில், "எத்தனைடா அரியர்? எனக்கு அஞ்சு!" என்று சிரித்துக்கொண்டே ஒருவன் கேட்கிறான்; கிளாஸும் நீள்கிறது. அந்தப் பையனை அங்கே இழுத்தது மதுவின் ருசியன்று, அந்தக் கேள்விதான் என்பது என் அபிப்பிராயம்.

இதற்குப் பரிகாரமாக நாள்தோறும் வீடியோ காலில் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்கிற பெற்றோரும் உண்டு. அதனால் பிள்ளை சாமர்த்தியமாகப் பொய் சொல்லக் கற்றுக்கொள்வதைத் தவிர வேறு பிரயோஜனம் இருப்பதாகத் தெரியவில்லை. கண்காணிப்பதைவிடப் பேசுவதே மேல். மது அருந்தும் வயது 21 என்றே வகுத்துள்ள அமெரிக்காவில், ராப் டரிசி என்கிற உளவியல் பேராசிரியரும் அவருடைய சகாக்களும், கல்லூரி திறக்குமுன் பெற்றோர் கையில் ஒரு சிறு கையேட்டைக் கொடுத்து, மதுவைப் பற்றிப் பிள்ளைகளோடு மனம்விட்டுப் பேசச் செய்தார்கள்; அப்படிப் பேசப்பட்ட மாணவரிடையே குடிப்பழக்கம் சற்றுக் குறைவாக இருந்ததென்று 2001-இல் எழுதினார்கள். அற்புதம் ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை. ஆயினும் பேசினால் ஆசை கிளம்பிவிடும் என்கிற நம் பயத்துக்கு அஸ்திவாரமில்லை என்பதற்கு அது போதும்.

ஆகவே, இவ்வருஷம் பிள்ளையை விடுதிக்கு அனுப்பப்போகும் பெற்றோரே, பெட்டி கட்டுவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை அவனுக்கென்று ஒதுக்குங்கள். அரியர் விழுந்தாலும், சகவாசத்தால் ஒருநாள் குடித்தே விட்டாலும், முதலில் எங்களிடம் சொல், திட்டமாட்டோம் என்று வாக்குக் கொடுங்கள்; அவன் சொல்லுகிற அன்று அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.