சீட்டைக் கழற்றத் தெரியுமா?

கல்யாணமாகி பதினோரு வருஷமாக மோட்டார் சைக்கிள் சீட்டில் உட்கார்ந்து வருகிறேன். அந்த சீட்டை வீட்டிலேயே கழற்ற முடியும் என்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என்னைப் போல் நிறைய சகோதரிகள் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

என் கணவருக்கு வெளியூரில் வேலை. பதினைந்து நாளைக்கு ஒரு முறைதான் வருவார். மகளை டியூஷனில் விட, ரேஷன் கடைக்குப் போக என்று வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். போன மாதம் ஒரு சாயங்காலம் வண்டி கிளம்பவே இல்லை. லைட் இல்லை, ஹாரன் இல்லை. எங்கள் வண்டியில் கிக்கரும் கிடையாது. மகள் டியூஷன் வாசலில் காத்திருக்கிறாள். பக்கத்து வீட்டு அண்ணனை அனுப்பிக் கூட்டி வரச் சொன்னேன்.

மறுநாள் வந்த மெக்கானிக் பட்டனை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். "பேட்டரி போச்சுக்கா. புதுசு மாத்தணும், ஆயிரத்து எண்ணூறு ஆகும்" என்றார். எதையும் திறந்துகூடப் பார்க்கவில்லை. மாதக் கடைசியில் ஆயிரத்து எண்ணூறுக்கு எங்கே போவது? அவருக்குப் போன் செய்தேன். "முதல்ல சீட்டைக் கழட்டிப் பாரு" என்றார். "சீட்டையா? அது கழண்டு வருமா?" என்று கேட்டேன். சிரித்தார்.

அவர் போனில் சொல்லச் சொல்லச் செய்தேன். வண்டியை சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சாவியை ஆஃப் செய்தேன். சில வண்டிகளில் பூட்டில் சாவியைத் திருப்பினாலே சீட் விடுபடும். எங்கள் வண்டியில் பக்கத்து மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த இரண்டு போல்ட்டை ஸ்பேனரால் கழற்ற வேண்டி இருந்தது. பிறகு சீட்டின் பின்பக்கத்தைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் கையோடு வந்து விட்டது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

உள்ளே பேட்டரி. அதன் ஒரு முனையில் வெள்ளையாகப் பூத்துப் போய், ஸ்குரூவும் லூசாக இருந்தது. சுத்தம் செய்து முடுக்கினேன். பட்டனை அமுக்கியதும் வண்டி கிளம்பி விட்டது. எனக்கு சந்தோஷத்தில் கண்ணே கலங்கி விட்டது.

இதைச் செய்ய நினைக்கும் தோழிகள் சில விஷயங்களை மனதில் வையுங்கள். முதலில் கை வளையலையும் மோதிரத்தையும் கழற்றி விடுங்கள். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் உலோகம் பட்டால் சுரீரென்று பொறி பறக்கும், கை வெந்து விடும். வயரைக் கழற்றும்போது கழித்தல் குறி போட்டதை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது கூட்டல் குறி முதலில், கழித்தல் கடைசியில். அந்த வெள்ளைப் பொடியை வெறும் கையால் தொடக் கூடாது. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, லேசாக வாஸ்லின் தடவினால் போதும். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் கூடாது. பியூஸ் போயிருந்தால் அதே அளவு பியூஸைத்தான் போட வேண்டும். செம்புக் கம்பியைச் சுற்றினால் வயர் எரிந்து விடும். பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருப்பதால் அடுப்பு, விளக்கு அருகில் இந்த வேலையே வேண்டாம்.

திரும்ப மாட்டுவதுதான் முக்கியம். சீட்டின் முன்பக்கம் இருக்கும் நாக்கை டேங்குக்கு அடியில் உள்ள கொக்கியில் நுழைத்து, அப்புறம்தான் பின்பக்கத்தை அமுக்க வேண்டும். அடியில் வயர் நசுங்காமல் பாருங்கள். முடித்ததும் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். புடவை கட்டி ஒரு பக்கமாக உட்காரும் நமக்கு சீட் ஆடினால் உயிருக்கே ஆபத்து. பின்னால் உட்காருபவருக்குப் பிடிமானமும், துணி சிக்காமல் இருக்கப் பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்று 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. சீட்டைக் கழற்றும் அன்று அவற்றின் போல்ட்டையும் ஒரு தடவை பார்த்து விடுங்கள்.

"பொம்பளைக்கு எதுக்கு இந்த கிரீஸ் வேலை?" என்றார் என் மாமியார். காஸ் சிலிண்டரை மாற்றுவது யார்? குக்கருக்கு கேஸ்கட் போடுவது, மிக்ஸி ஜாரைக் கழற்றிக் கழுவுவது, அடுப்பு பர்னரை ஊசியால் குத்தி சுத்தம் செய்வது எல்லாம் நாம்தானே? சிலிண்டரைவிட சீட் பயமான சாமானா? பிரேக், என்ஜின் வேலைக்கு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும், நானும் போகிறேன். ஆனால் லூசான ஒரு ஸ்குரூவுக்கு ஆயிரத்து எண்ணூறு கொடுக்காமல் இருக்க இந்த அளவு தெரிந்தால் போதும்.

வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க 2018-ல் தமிழக அரசு மானியத் திட்டமே கொண்டு வந்தது. எத்தனையோ பெண்கள் இன்று வண்டி ஓட்டுகிறோம். ஆனால் வண்டியைப் பற்றி நமக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? புது வண்டி எடுக்கும்போது கடையில் மாலை போட்டு, எலுமிச்சம் பழம் வைத்து, குடும்பத்தோடு போட்டோ எடுக்கிறார்கள். பேட்டரி, பியூஸ் எல்லாம் ஆண்களிடம் மட்டும்தான் விளக்குகிறார்கள். நாம் ஓரமாக நிற்கிறோம். "எங்களுக்கும் சீட்டைக் கழற்றிக் காட்டுங்கள்" என்று இனிமேல் நாமே கேட்போம். கூச்சம் வேண்டாம்.

நான் என் மகளுக்குக் காட்டி விட்டேன். ஐந்தாவது படிக்கிறாள். ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பது இப்போது அவள்தான். வண்டி ஓட்டும் வயது வரும்போது அவளாவது என்னைப் போல் விழிக்காமல் இருப்பாள்.

நான் சொல்வது சரிதானே, தோழிகளே?

— ஒரு வாசகி, திண்டுக்கல்.